ஒன்பதாவது நிகழ்ச்சி

மகாதேவியக்காவுக்கு ஓரிடத்தில் இருக்கத் தெரியாது. தையல் மெஷினுக்கு முன்னால் மட்டும் இருப்பார். அங்கேயும் கால் ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் பட்டினத்தின் பஸ் நிலையத்துக்கு நேரெதிரே அவர் கடை, பக்கத்தில் என் பூக்கடை. காலையில் பஸ்ஸால் இறங்கும் பெண்கள் சட்டைத்துணியை எறியாத குறையாகக் கொடுத்துவிட்டு வேலைக்கு ஓடுவார்கள். பின்னேரம் பஸ் ஏறும்போது தைத்ததை வாங்கிக்கொள்வார்கள். இருபது வருடமாக இதுதான் அவர் பிழைப்பு.

அந்தப் பஸ் நிலையத்தை முக்கால் மைல் தள்ளிக் கொண்டுபோகத் திட்டம். பழைய இடத்தில் பூங்காவும் வாகனத் தரிப்பிடமும் வருமாம், பட்டினம் புத்துயிர் பெறுமாம். மக்களிடம் கருத்துக் கேட்க நகரசபை மண்டபத்தில் கூட்டமும் வைத்தார்கள்.

மூன்றரை மணிக் கூட்டம் நாலேகாலுக்குத் தொடங்கியது. விளக்கேற்றல், வரவேற்புரை, நடனம், பொன்னாடை, பிரதம விருந்தினர் உரை. நிகழ்ச்சி நிரலில் ‘மக்கள் கருத்து’ ஒன்பதாவதாக இருந்தது. அக்காவின் ஊரான கோப்பாய்க்குக் கடைசிப் பஸ் ஐந்து நாற்பதுக்கு. அக்கா என் கையைப் பிடித்துப் பிடித்து மணிக்கூட்டைப் பார்த்தார்.

“பஸ்ஸை விட்டால் எப்பிடியக்கா போவியள்?”

“கதைக்காமல் போகமாட்டன்.”

வெளியே பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது. பாதிச் சனம் எழும்பி வாசலுக்கு ஓடியது. எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்துவிட்டது. அவர்களும் பேச வந்தவர்கள்தான்.

நகரசபைத் தலைவர் மைக்கைப் பிடித்தார். “வேறு கருத்துகள் இல்லாதபடியால் இத்திட்டம் ஏகமனதாக...”

அக்கா எழுந்துவிட்டார். “ஐயா, இப்ப எழும்பிப் போன சனத்தைக் கண்டனியளோ? நீங்கள் தள்ளி விடப்போறது அவையின்ரை பஸ்ஸை. மிச்சம் இருக்கிறது மோட்டார் சைக்கிளிலை வந்த ஆக்கள். ஏகமனது எண்டு எழுதாதேங்கோ.”

தலைவர் சிரித்துச் சமாளித்தார். “உங்கடை பஸ்ஸும் போயிட்டுது போலை. எங்கடை வாகனத்திலை கொண்டுபோய் விடுறம் அம்மா.”

“இண்டைக்கு என்னை விடுவியள். நாளைக்கு அவையளை?”

தலைவர் பேனாவை மூடினார். அடுத்த கூட்டம் திங்கட்கிழமை காலை ஏழரைக்கு, பஸ் நிலையத்திலேயே என்று முடிவானது.

அக்காவை என் சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு போனேன். பின்னால் அவர் கால் மெஷின் மிதிப்பது மாதிரி ஆடிக்கொண்டே வந்தது.

“ஆட்டாதேங்கோ அக்கா, ரெண்டு பேரும் விழுவம்.”

“ஏழரைக்கு வருவினமோ?” என்றார். கோப்பாய் போய்ச் சேருவதற்குள் அதையே நாலு தரம் கேட்டுவிட்டார்.