சிவப்புக்கு மேல் கறுப்பு

சென்ற பள்ளி விடுமுறையின்போது, சிரம்பானில் ஒரு கணினிக் கடையில், என் ஆயுளில் எவரும் கேட்டிராத கேள்வி ஒன்று என்னிடம் கேட்கப்பட்டது.

"அங்கிள், பேத்திக்கு லைட்டு ஓடணுமா, நின்னு எரியணுமா?"

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பயின்று, ஓய்வுபெறும் நாள்வரை பிறரைக் கேள்வி கேட்டே வாழ்ந்தவன் நான். பதில் தெரியாமல் நிற்பது எனக்குப் பழக்கமில்லை. ஆகவே, பதில் தெரிந்தும் யோசிப்பவனைப் போல மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

அந்தக் கடைக்கு என்னைக் கொண்டுவந்து சேர்த்தது என் வாய்தான். மம்பாவில், மகள் வீட்டு விருந்தில், தேர்வில் சிறப்பாகத் தேறியிருந்த பேத்திக்கு நானே ஒரு கணினி பரிசளிப்பதாகச் சம்பந்தியார் உட்பட அத்தனை பேர் முன்னிலையிலும் அறிவித்துவிட்டேன். என் மனத்தில் இருந்தது சாம்பல் நிறத்தில், அலுவலக மேசைக்குரிய மரியாதையோடு கூடிய ஒரு பொருள். மறுநாள் காலையில் மகள் தொலைபேசியில் அழைத்தாள்.

"அப்பா, அவளுக்குக் கேமிங் லேப்டாப்தான் வேணுமாம். வேற எது வாங்குனாலும் வேணாம்னு சொல்றா."

"படிக்கிற பிள்ளைக்கு விளையாட்டு மெஷின் எதுக்கும்மா?"

"விளையாட்டு மட்டும் இல்லப்பா. படம் வரைஞ்சு அதை ஓட விடுறா. சாதா லேப்டாப்புல அது பாதியில நின்னு போகுதாம்."

வரைந்த படம் எங்கே ஓடுகிறது, ஏன் ஓட வேண்டும் என்பதெல்லாம் எனக்கு விளங்கவில்லை. விளங்கியது ஒன்றே. சம்பந்தியார் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. கைபேசி விளையாட்டுகளால் ஒரு தலைமுறையே பாழாயிற்று என்று கோயில் கூட்டங்களில் முழங்குபவர். அவர் பேச்சை வழிமொழிந்து அதே மேடைகளில் நானும் பேசியிருக்கிறேன். அப்படியிருக்க, அவருக்கும் பேத்தியான பிள்ளையின் கையில், அவர் கண்ணெதிரே நான் எதைக் கொடுப்பது? கொடுக்காவிட்டால் சபையறியச் சொன்ன சொல் என்னாவது? அந்தப் பிள்ளையின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

கடைக்காரப் பெண்மணி, கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவைத்திருந்த நடுவயதுக்காரர், பொறுமையாகத்தான் விளக்கினார். இதற்குள்ளே சூட்டைத் தணிக்க இரண்டு காற்றாடிகள், அதற்குள்ளே மூன்று. இதன் திரை ஒரு நொடிக்குள் பலமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். அதன் திரை அதற்கும் மேல். ஒரு திரை எதற்காக ஓயாமல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்று கேட்க நாக்கு எழுந்தது, அடக்கிக்கொண்டேன். விசைகளின் அடியிலிருந்து சிவப்பும் நீலமும் ஊதாவும் அலையலையாக ஓடின. மூடியின் மேலோ, பறவையா பூதமா என்று தீர்மானிக்க முடியாத ஏதோ ஒன்று இறக்கையை விரித்துக்கொண்டு நின்றது.

"லைட்டே இல்லாம ஒண்ணு இருக்காதாம்மா?"

"இருக்கு அங்கிள். ஆனா அது ஆபீஸ் வேலைக்கு. கேம் தொறந்தா படுத்துக்கும்."

"சரி, மேல இருக்குற இந்தப் படம்?"

அவர் என் கஞ்சி போட்ட சட்டையையும் சட்டைப்பையிலிருந்த பேனாவையும் ஒருமுறை பார்த்தார்.

"வெக்கமா இருந்தா கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தரேன் லா. ஆபீசுக்குத் தூக்கிட்டுப் போறவங்க நெறைய பேரு அப்படித்தான் கேப்பாங்க. லைட்டையும் ஆஃப் பண்ணி வைக்கிறேன். மேல பார்த்தா ஒண்ணும் தெரியாது."

எனக்குப் பெரும் நிம்மதி. அவர் அளந்து வெட்டிய கறுப்புத் தாளை மூடியின் மேல் விரித்து உள்ளங்கையால் நீவினார். இறக்கை முதலில் மறைந்தது, பிறகு தலை. அந்தக் கறுப்பு பரவுவதைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு, காரணமின்றி, சாயத்தின் நெடி மூக்கில் ஏறியது. கடையில் சாயமேதும் இல்லை. அது என் சிறுவயதின் ஒரு ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வந்த நெடி.

எங்கள் ரப்பர்த் தோட்டம் போர்டிக்சன் சாலையிலிருந்து செம்மண் பாதையில் உள்ளே தள்ளியிருந்தது. தகப்பனார் அங்கே சின்னக் கிராணி. அலுவலக எழுத்துவேலை அவருடையது. அவருக்கு மேலே பெரிய கிராணியார்; அவருக்கு மேலே வெள்ளைக்காரத் துரை. இந்த வரிசை அலுவலகத்தோடு முடிவதில்லை. வீடுகளுக்குள்ளும் வந்து உட்காரும். பெரிய கிராணியார் வீட்டுச் சன்னல்களுக்குப் புதுத் திரை ஏறும்வரை, என் தாயார் தாம் தைத்து முடித்த திரைகளைப் பெட்டிக்குள் வைத்துக் காத்திருப்பார். தோட்டத்தில் நிறமுள்ள சைக்கிள் ஒன்றே ஒன்றுதான். அது துரையின் மகன் விடுமுறைக்கு வரும்போது ஓட்டும் நீலச் சைக்கிள். பெரிய கிராணியாரின் மகன் ஓட்டியது கறுப்பு. இவற்றை விதி என்று எவரும் சொன்னதில்லை, மீறியவர்களும் இல்லை.

இன்னொரு வழக்கமும் இருந்தது. அலுவலகக் குடும்பத்தார் எதைப் புதிதாக வாங்கினாலும் முதலில் பெரிய கிராணியாரிடம் கொண்டுபோய்க் காட்டிவிட வேண்டும். பிறர் வாயால் அவர் கேள்விப்படலாகாது. 'ஆள் சற்று மிஞ்சிப் போகிறார்' என்று அவர் துரையிடம் ஒரு சொல் சொன்னால், சின்னக் கிராணி மூட்டை கட்டிக்கொண்டு வேறொரு தோட்டத்துக்குப் போக வேண்டியதுதான்.

அந்த ஆண்டு நான் தமிழ்ப்பள்ளியை முடித்து நகரத்து ஆங்கிலப் பள்ளிக்குத் தேர்வாகியிருந்தேன். நாங்கள் வேறு தோட்டத்துக்குப் போனால் அந்தப் பள்ளியும் போய்விடும். ஆனால் என் எண்ணமெல்லாம் வேறொன்றில் இருந்தது. தேர்வானால், பேருந்து நிற்கும் பெருஞ்சாலைவரை ஓட்டிப்போக ஒரு சைக்கிள் வாங்கித் தருவதாகத் தகப்பனார் வாக்களித்திருந்தார்.

சனிக்கிழமை, லாரி ஓட்டுநரான என் தாய்மாமன் எங்களைப் போர்டிக்சனுக்கு அழைத்துப் போனார். கடையில் கறுப்புச் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. தகப்பனார் ஒவ்வொன்றையும் தட்டினார், சுழற்றினார், கடைக்காரர் மலாயில் சொன்னவற்றுக்கெல்லாம் தலையசைத்தார். எதுவும் பிடிபடவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. வரிசையின் கோடியில் சிவப்பு நிறத்தில் ஒன்று நின்றது. தாழ்ந்து வளைந்த கைப்பிடி. முகம் தெரியும் அளவுக்குப் பளபளத்த மணி. வாய்திறந்து கேட்கும் வழக்கம் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இல்லை. நானும் கேட்கவில்லை. என் கண் எங்கே நிற்கிறது என்பதைத் தகப்பனார் எப்போது கவனித்தார் என்று தெரியாது. திடீரென்று அந்தச் சிவப்பைக் காட்டி, இறக்கச் சொன்னார்.

மாமன் உரக்கச் சிரித்தார். "அத்தான், இது ரேஸ் ஓடுறவன் சைக்கிளு. மாப்பிள்ளை பள்ளிக்கூடம் போறானா, பந்தயம் போறானா?"

"போறப்ப பள்ளிக்கூடம், வர்றப்ப பந்தயம்" என்றார் தகப்பனார். அவர் வேடிக்கையாகப் பேசி நான் கேட்டது அபூர்வம்.

லாரி செம்மண் பாதைக்குள் திரும்பியதும் அவர் பேச்சு நின்றது. பெரிய கிராணியாரின் வீடு தொலைவில் தெரிந்தவுடன், "தம்பி, வண்டிய நிறுத்து" என்றார். இறங்கிப் பின்புறம் ஏறி, சைக்கிளைப் படுக்கவைத்து, கித்தானை இழுத்து மூடினார். வீட்டுக்குள்ளும் அது அடுக்களை வாசல் வழியாகத்தான் வந்தது. தாயார் சன்னல் திரைகளை இழுத்துவிட்டார்.

மறுநாள் காலை, தகப்பனார் ஒரு கறுப்புச் சாய டப்பாவோடும் தூரிகையோடும் வீட்டின் பின்புறம் உட்கார்ந்தார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். சிவப்பு, கைப்பிடியின் அடியிலிருந்து தொடங்கி, சிறிது சிறிதாகக் காணாமற்போயிற்று. பளபளத்த மணியையும் அவர் விட்டுவைக்கவில்லை. நான் செய்த குற்றம் என்னவென்று யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் தென்படவில்லை.

"ஏம்பா?"

"சிவப்பு வெயில்ல வெளுத்துப் போயிடும்."

அடுக்களைக்கு ஓடித் தாயாரைக் கேட்டேன். "கண்ணு பட்டுடும்டா. பேசாம இரு."

இரண்டில் எது உண்மை? தீர்ப்புக்காக மாமனிடம் போனேன். லாரியின் கீழே படுத்திருந்தவர் தலையை மட்டும் வெளியே நீட்டினார். "சைக்கிளு துக்கத்துல இருக்கு மாப்பிள்ளை. மணியடிச்சுறாத, அழுதுரும்."

நண்பகலில் மழை பிடித்துக்கொண்டது. சாயம் காய்ந்ததாகத் தெரியவில்லை. ஆனால் திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. சைக்கிள் பாதையில் இறங்குவதற்குள் காட்ட வேண்டியவரிடம் காட்டியாக வேண்டும். மாலையில் தகப்பனார் வெள்ளைச் சட்டை அணிந்து முன்னே நடந்தார். நான் சைக்கிளை ஓட்டாமல் தள்ளிக்கொண்டு பின்னே போனேன்.

பெரிய கிராணியார் படியிறங்கி வந்தார். எழுத்தில் ஒரு புள்ளி சிதறினாலும் மறுபடி எழுதச் சொல்பவர் என்று அவரைப் பற்றித் தோட்டமே பேசும். அவர் மகன் தன் சைக்கிளைப் பிடித்தபடி சற்றுத் தள்ளி நின்றான்.

"புதுசா?"

"இல்லீங்கய்யா, பழசுதான். சொந்தக்காரங்க வீட்டுல சும்மா கெடந்துச்சு."

எனக்குத் தலை சுற்றியது. ஒரு சிறு பொய்க்காக என்னை முட்டிபோட வைத்தவர் தகப்பனார். பாவம், நேற்று வாங்கியதை மறந்துவிட்டார் போலும் என்று எண்ணி, நினைவுபடுத்த வாயைத் திறந்தேன். பின்கழுத்தில் அவருடைய விரல்கள் அழுந்தின. வாயை மூடிக்கொண்டேன்.

பெரிய கிராணியார் குனிந்து, இருக்கையின் அடியிலிருந்த குழாயைத் தடவிப் பார்த்தார். கையை எடுத்தபோது நான்கு விரல்களும் கறுப்பாக இருந்தன. அவர் தடவிய இடத்தில், ஒரு நக அகலத்துக்குச் சிவப்பு எட்டிப் பார்த்தது.

என் கழுத்தின் மேலிருந்த விரல்கள் சில்லிட்டுப் போயின. பெரிய கிராணியார் தம் விரல்களைப் பார்த்தார், சிவப்பைப் பார்த்தார், பிறகு தகப்பனாரின் முகத்தை நெடுநேரம் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டார்.

"பழசுன்னாலும் நல்லா வச்சிருந்திருக்காங்க" என்றார். "அடக்கமா இருக்கு. ஓட்டச் சொல்லுங்க."

திரும்பும் வழியில் தகப்பனார் என்னைச் சைக்கிளில் ஏற்றி, தாமே தள்ளிக்கொண்டு வந்தார். எனக்கோ குழப்பம் தீரவில்லை. புள்ளி சிதறினாலே பொறுக்காதவர் விரல் நிறைய ஒட்டிய ஈரச் சாயத்தை எப்படிக் கவனியாமல் விட்டார்? மறுநாள் மாலை மற்ற இடங்களுக்கெல்லாம் இன்னொரு முறை சாயம் பூசிய தகப்பனார், அந்த நக அகலச் சிவப்பை மட்டும் அப்படியே விட்டுவிட்டார். அதையும் மறந்துவிட்டார் என்றே நினைத்தேன்.

மடிக்கணினிக்கு வருகிறேன். மம்பாவில் உறவினர் கூடியிருந்த ஞாயிற்றுக்கிழமை அதைப் பேத்தியின் கையில் கொடுத்தேன். கறுப்பு மூடி, எந்தக் குறையும் சொல்ல இயலாது. சம்பந்தியார் எனக்கு அடுத்த நாற்காலியில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தார். பேத்தி திறந்தாள், எந்த விசையை அழுத்தினாளோ, ஆஃப் செய்து வைத்ததாகச் சொல்லப்பட்ட விளக்குகள் அத்தனையும் எழுந்தன. சிவப்பும் நீலமும் ஊதாவும் சம்பந்தியாரின் வெள்ளைச் சட்டையின் மேல் ஓடத் தொடங்கின. மகள் தரையைப் பார்த்தாள்.

"படிப்புக்குத்தானே சம்பந்தி?"

"படிப்புக்குத்தாங்க."

அவர் தம் சட்டையின் மேல் ஓடிய நிறங்களைச் சற்று நேரம் கவனித்தார். பிறகு கோப்பையைக் கையில் எடுத்தார்.

"நல்ல வெளிச்சம். கரண்டு போனாலும் படிக்கலாம்."

பேத்தி மூடியைத் திருப்பிப் பார்த்தாள். "தாத்தா, மேல எதுக்குக் கறுப்பு ஒட்டியிருக்கீங்க?"

"வெயில்ல வெளுத்துப் போயிடும்மா."

"ரூமுக்குள்ள ஏது தாத்தா வெயிலு?"

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அவள் குழம்பிய முகத்தோடு தாளின் ஓரத்தை நகத்தால் சுரண்டினாள். நான் தடுக்கவில்லை. அடியிலிருந்து இறக்கையின் நுனி வெளிப்பட்டபோது, அந்தத் திங்கட்கிழமைக் காலை என் நினைவுக்கு வந்தது.

அன்று நானும் பெரிய கிராணியாரின் மகனும் ஒன்றாகத்தான் பெருஞ்சாலைக்கு ஓட்டிக்கொண்டு போனோம். மேட்டில் மூச்சு வாங்க நின்றபோது அவனுடைய சைக்கிளைப் பார்த்தேன். சங்கிலி உரசி உரசிக் கறுப்பு பெயர்ந்திருந்த இடத்தில், உள்ளே நல்ல கிளிப்பச்சை.

"இது என்ன?"

"அப்பா கறுப்பு அடிச்சிட்டாரு. பச்சை வெயில்ல வெளுத்துடுமாம்."

என் மனம் ஒருவாறு தெளிந்தது. கடையில் வரிசையாக நின்ற அத்தனை கறுப்புச் சைக்கிள்களுக்குள்ளும் ஒவ்வொரு நிறம் இருக்கும் என்றும், துரையைத் தவிர மற்றெல்லாத் தகப்பனார்களுக்கும் வெயிலென்றால் அச்சம் என்றும் முடிவு செய்துகொண்டு, நான் சைக்கிளில் ஏறினேன்.