நானூறு மணி நேரம் ஓடிய ஹெட்போன்

நான் டீசல் ஜெனரேட்டர் மெக்கானிக். எங்காவது ஒரு சத்தம் வந்தால் லூசான போல்ட்டையோ தேய்ந்த பேரிங்கையோ தேடுவேனே தவிர, காற்று கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போகிற ஆள். இதைக் கேட்டு நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் நினைத்திருப்பேன். இருந்தாலும் சொல்கிறேன்.

பதினோரு வருஷம் வளைகுடாவில் ஜெனரேட்டர் அறையில் வேலை, இன்ஜின் எப்போதும் என் இடது பக்கம். ஊர் திரும்பி, திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் சொந்த நிலத்தோடு கொஞ்சம் குத்தகைக்கும் எடுத்துச் சாகுபடி பார்க்க ஆரம்பித்தபோதுதான் தெரிந்தது, இடது காது வளைகுடாவிலேயே தங்கிவிட்டது என்று. தஞ்சாவூரில் டெஸ்ட் எடுத்த பெண், "நரம்பு போயிடுச்சு சார், மெஷின் வச்சாலும் பெரிசா பிரயோஜனம் இருக்காது" என்றார். மனைவி மாலதியிடம் லேசாக மந்தம் என்று மட்டும் சொல்லி, எங்கே போனாலும் அவளை வலது பக்கமாகவே உட்காரவைத்துச் சமாளித்துவந்தேன்.

அங்கே கேம்ப்பில் ஆறு பேர் இருக்கிற அறையில் எனக்கென்று இருந்த ஒரே தனி இடம் ஹெட்போன்தான். அந்தப் பைத்தியம் காது போன பிறகும் விடவில்லை. பாட்டில் வயலின் இடது பக்கம் இருந்தால் எனக்கு அந்த வயலினே கிடையாது, இருந்தும் போன வருஷம் ஒரு நல்ல ஹெட்போன் வாங்கினேன், முந்நூறு ஓம், தள்ள நல்ல பலம் வேண்டும். போனில் சொருகினால் மூச்சுவிட முடியாதவன் பேசுகிற மாதிரி இருந்தது. மேட்டு வயலுக்கு அரை எச்பி மோட்டாரில் தண்ணீர் இறைத்தால் எப்படி ஏறும், அந்தக் கதைதான்.

வேளாங்கண்ணிப் பக்கம் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் ஆரோக்கியசாமி எனக்குப் பழக்கம். சொந்தமாக ஆம்ப்ளிஃபையர், எங்கள் பேச்சில் ஆம்ப், செய்வான். அவன் கையால் செய்த வால்வு ஆம்ப் ஒன்றைக் கொடுத்து, "இந்த ஹெட்போனுக்கு இதுதாண்ணே ஜோடி. ஆனா உடனே கேட்டுடாதீங்க, இருநூறு மணி நேரம் சும்மா ஓடட்டும்" என்றான். ஹெட்போனுக்குள் இருக்கிற மெல்லிய சவ்வு புதிதில் விறைப்பாக இருக்குமாம், ஓட ஓட இளகுமாம். பர்ன்-இன் என்பார்கள். சவ்வு ஒன்றும் இளகுவதில்லை, கேட்கிறவன் காதுதான் பழகிப்போகிறது என்பது என் கட்சி. ரொம்ப நாளாக எங்களுக்குள் இதில்தான் சண்டை. சரி, ஓட்டிக்காட்டி அவன் வாயை அடைக்கலாம் என்று, பின்னறையில் விதைநெல் மூட்டை மேல் ஹெட்போனை வைத்து இரைச்சலை ஓடவிட்டேன். வாய்க்காலில் முதல் தண்ணீர் வரும்போது தூரத்தில் கேட்குமே, அந்த மாதிரி ஒரே சீரான இரைச்சல், இரவு பகலாக.

பத்தாம் நாள் காலையில் எடுத்து மாட்டினேன்.

இடது பக்கம் வயலின் கேட்டது.

நம்பினால் நம்புங்கள். கழற்றி, திருப்பிப் போட்டு, வலது காதில் பஞ்சை அடைத்து, எல்லாம் செய்து பார்த்தேன். மாலதியைக் கூப்பிட்டு, நான் கண்ணை மூடிக்கொள்கிறேன், நீ பாட்டை இஷ்டப்படி வை, நிறுத்து என்றேன். இருபது தடவை செய்தாள், இருபதும் சரியாகச் சொன்னேன். "இதுக்கு எதுக்குங்க கண்ணுல தண்ணி?" என்று கேட்டாள். அப்போதுதான் அவளிடம் காது விஷயத்தை முழுசாகச் சொன்னேன். அவள் வேண்டுமென்றே எழுந்து வந்து என் இடது பக்கம் உட்கார்ந்தாள்.

அடுத்த நாளே ஹெட்போனையும் ஆம்ப்பையும் பையில் வைத்துத் தஞ்சாவூர் போனேன். அதே பெண்தான் இருந்தார். முதலில் அவருடைய கருவியில் பார்த்தார். இடது காதில் ஒன்றுமில்லை, பழைய கோடு போன இடத்தில்தான் புதுக் கோடும். "உங்க ஹெட்போன்ல சத்தம் அதிகமா வச்சிருப்பீங்க, அது எலும்பு வழியா வலது காதுக்குப் போயிருக்கும் சார்" என்றார். நியாயமான பேச்சு. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனாலும் கெஞ்சிக் கேட்டதால், முறையான டெஸ்ட் இல்லை என்று சொல்லிவிட்டு, என்னுடையதையே லேப்டாப்பில் இணைத்துக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்தார். சத்தம் கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும்.

கீச்சென்று மெல்லிசாகக் கேட்டது, அமுக்கினேன். மறுபடி கேட்டது, அமுக்கினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் நெற்றியைச் சுருக்கினார். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் திறந்தார்.

"சார், சீக்கிரமா அமுக்குறீங்க."

"கேட்டதும்தாம்மா அமுக்குறேன்."

"நான் இன்னும் போடவே இல்லையே."

மறுபடி உட்காரவைத்தார். இந்த முறை கையை எனக்குத் தெரியாமல் மேஜைக்குக் கீழே வைத்துக்கொண்டார். ஒன்று போட்டு உடனே இன்னொன்று, பிறகு ரொம்ப நேரம் சும்மா, இப்படி மாற்றி மாற்றிச் செய்தாராம். நான் ஒவ்வொரு முறையும் அவர் போடுவதற்கு இரண்டு மூன்று விநாடி முன்னால் அமுக்கியிருக்கிறேன். போடலாம் என்று விரலைக் கொண்டுபோய், போடாமல் விட்ட தடவைகளில் நான் அமுக்கவில்லை.

அவர் உள்ளே வந்து, என் முகத்தைப் பார்க்காமல், "இதக் கழட்டிடுங்க சார்" என்றார். ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டேன், வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

அன்றோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை, அதுதான் என் தப்பு. இத்தனை வருஷம் கழித்து ஒரு காது திரும்பக் கிடைத்தவனுக்கு அதைக் கழற்றிவைக்க மனசு வருமா? நான் மாட்டாத நேரத்தில் இரைச்சலையும் ஓடவிட்டுக்கொண்டே இருந்தேன். வயலில் களை எடுக்க ஆள் நிற்கும், எனக்கு வீட்டுக்கு ஓடிவந்தால் போதும் என்றிருக்கும். பாட்டுகூட வேண்டியிருக்கவில்லை, ஆம்ப்பை மட்டும் போட்டு மாட்டிக்கொண்டால் இடது காதில் வீடு கேட்டது. சமையல்கட்டில் தட்டு விழும் சத்தம். எட்டிப் பார்த்தால் தட்டு மேடை மேல் இருக்கும். திரும்பி வந்து உட்கார்ந்தபின் விழும். முதலில் பத்து எண்ணுவதற்குள் விழுந்தது, நாலைந்து நாளில் கால் மணி நேரம் ஆனது. தெருவில் மீன்காரர் கூவிப் போனது எனக்குக் காலையில் கேட்டது, அவர் வந்தது மத்தியானம். ஓட ஓட அந்த இடைவெளி வளர்ந்துகொண்டே போனது.

ஆவணி மாதம், மண்டையைப் பிளக்கும் வெயில், பகல் மூன்று மணி இருக்கும். மாலதி கூடத்தில் படுத்திருந்தாள். மாட்டினேன். மழை கேட்டது. தகரத்தில் விழுகிற மாதிரி கனமான மழை. அதற்கு அடியில் பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுக்கும் சத்தம், பெண்கள் பேச்சு, வீடு நிறைய ஆட்கள். மகளுடைய குரல் ஒரு தடவை, "தண்ணி குடிங்கம்மா" என்று. கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற பெண், அவளுக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு என் காதுக்குப் பக்கத்திலேயே மாலதி போனில் பேசினாள்.

"மெயின் ரோட்டுலேர்ந்து பாலத்தைத் தாண்டி உள்ள வாங்க. வாசல்ல பந்தல் போட்டிருக்கும், பாத்தாலே தெரியும். ஆமா, எல்லாரும் வந்துட்டாங்க."

அழுகையும் இல்லை, சிரிப்பும் இல்லை. ரொம்ப நேரம் பேசித் தொண்டை கட்டிய குரல். மேளம் கேட்கிறதா என்று கவனித்தேன். மேளமும் இல்லை, பறையும் இல்லை, மழைதான். கல்யாண வீட்டுக்கும் அப்படித்தான் வழி சொல்வார்கள், இன்னொன்றுக்கும் அப்படித்தான் சொல்வார்கள். பிடுங்கி எறிந்தேன். கூடத்தில் மாலதி புரண்டு படுத்து, "என்னங்க, வேர்த்து ஊத்துது?" என்றாள்.

ஆரோக்கியசாமிக்குப் போன் போட்டு நடந்ததையெல்லாம் சொன்னேன். சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை.

"மொத்தம் எத்தனை மணி நேரம்ணே ஓடியிருக்கு?"

"நானூறுக்கு மேல இருக்கும்."

"இருநூறுன்னுதானே சொன்னேன்?"

"ஏன், மேல ஓட்டினா என்ன?"

"தெரியாதுண்ணே. நான் ஓட்டுனதில்ல."

ஆம்ப்பும் ஹெட்போனும் மறுநாளே அவனிடம் போய்விட்டன. இடது காது பழையபடி கல்தான். மகளுக்கு ஐப்பசியில் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மண்டபம் பிடிக்கலாம் என்று நான் சொல்கிறேன், வீட்டிலேயே பந்தல் போட்டுச் செய்வோம் என்று மாலதி ஒற்றைக் காலில் நிற்கிறாள். ஏன் வேண்டாம் என்கிறேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

அன்றைக்குக் கேட்டதை ஒரு நாளைக்கு நூறு தடவை மனதில் ஓட்டிப் பார்க்கிறேன். மாலதி குரல் இருந்தது, மகள் குரல் இருந்தது, என் பெரியப்பா இருமியதுகூட ஞாபகம் இருக்கிறது. என் குரல் மட்டும் இல்லை. நான் கேட்டதே கொஞ்ச நேரம்தான், அந்த நேரத்தில் பேசாமல் நின்றிருப்பேன், அவ்வளவுதானே, நீங்களே சொல்லுங்கள்.

இப்போதெல்லாம் வீட்டில் நாலு பேர் கூடினால் நான் வாய் மூடுவதில்லை. தேவையோ இல்லையோ, உரக்கப் பேசிக்கொண்டே இருக்கிறேன். காது கேட்காதவர், அதனால் கத்துகிறார் என்று வந்தவர்களிடம் மாலதி சொல்கிறாள்.