“காலாவதி” என்று நான் எழுதிய மறுநாள்

மருந்துக்கடை குமரவேல் அவர்கள் இன்று காலை மறைந்துவிட்டார்.

கடலூர் முதுநகரில் கடை வைத்திருந்தவர். முத்துச்சுடர் நாடகக் குழுவின் ரசிகர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. அதன் அட்மின் அவரே. அங்கே என் நிரந்தர எதிர்க்கட்சியும் அவரே.

சற்று முன்புதான் அவர் இல்லத்திலிருந்து சிதம்பரம் திரும்பினேன். துயரம் இருக்கிறது. ஆயினும் காலையில் நெஞ்சை அழுத்திய அந்தப் பாரம் இல்லை... அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

அறியாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். முத்துச்சுடரை நிறுவிய பெரியவர் முதுமையால் விலகி, பொறுப்பை இளைய மகள் தேன்மொழியிடம் ஒப்படைத்தார். விடிய விடிய நடந்த நாடகத்தைத் தேன்மொழி மூன்று மணி நேரமாகச் சுருக்கினார். யூடியூபில் வெளியிட்டார். கோமாளி வேடத்தை அறவே நீக்கினார்.

அன்று இரண்டாகப் பிரிந்தார்கள் ரசிகர்கள். நான் தேன்மொழியின் பக்கம். குமரவேல், பெரியவர் நடத்திய பழைய முறையின் பக்கம்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். தையல் இயந்திரத்தின் அருகே இலக்கண நூல்களை விரித்து வைத்து, எனக்கு நானே கற்பித்துக்கொண்ட தமிழ் இது. எனவே குரூப்பிலும் ஒற்றுப்பிழையின்றித்தான் எழுதுவேன்.

அவர் எழுதவே மாட்டார். எல்லாம் வாய்ஸ் மெசேஜ்தான். பின்னால் யாரோ இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

“கோமாளி இல்லாம மூணு மணி நேரம் எவன் குந்தினு இருப்பான்? எல்லாரும் அழுதுனே இருந்தா அது நாடகமா, எழவு வீடாம்மா?”

ஒருமுறை ஸ்ரீமுஷ்ணத்தில் நாடகம். இடைவேளையில் என்னைத் தேடி வந்துவிட்டார்.

“நீங்கதான அந்தச் செந்தமிழு? எழுத்தப் பாத்துட்டு ஆறடி இருப்பீங்கன்னு நெனச்சேன்.”

வறுத்த வேர்க்கடலைப் பொட்டலத்தை நீட்டினார். “சாப்புடுங்க. சண்டைய குரூப்புல வெச்சிப்போம்.”

“மிக்க நன்றி. எனினும் என் நிலைப்பாட்டில் மாற்றமில்லை” என்று கூறி வாங்கிக்கொண்டேன். இடைவேளை முடியும்வரை சிரித்துக்கொண்டே இருந்தார்.

இன்னொரு நாள் அவர் அணியைச் சேர்ந்த ஒருவர் குரூப்பிலேயே கேட்டார். “மச்சான், அந்தம்மாவத் தூக்கிடு. நாடகத்தப் பத்திப் பேச வந்தா எலக்கணம் எடுக்கறாங்க.”

உடனே வந்தது அட்மினின் குரல். “போடா. அவுங்களத் தூக்கிட்டு உங்கூடயா சண்ட போடுவேன்? உனக்கு முத்துச்சுடர்னே ஒழுங்கா எழுத வரல.”

நேற்று அடுத்த நாடகத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தது. தேன்மொழியிடமிருந்து பொறுப்பை வாங்கிப் பெரியவரின் மூத்த மருமகனிடம் கொடுத்தால்தான் குழு பிழைக்கும் என்றார் குமரவேல். “நல்ல புள்ளதான், பாட்டு எழுதட்டும். கம்பெனி நடத்த ஆம்பள ஒருத்தன் வேணும்மா.”

எனக்குச் சினம் வந்தது. எழுதினேன்: “தங்கள் கருத்து காலாவதியாகிவிட்டது.”

வழக்கமாக உடனே வாய்ஸ் மெசேஜ் வந்துவிடும். நேற்று வரவில்லை.

இன்று காலை குரூப்பைத் திறந்தால், அவர் மறைந்த செய்தி. அதன் கீழேயே ஒருவர்... “நேத்துதான் காலாவதின்னு எழுதுனீங்க. இப்ப சந்தோஷமா மேடம்?”

இன்னொருவர்... “பாவம், அத நெனச்சி நெனச்சே போயிருப்பாரு.”

பதில் எழுத முயன்றேன். எழுதியதையெல்லாம் அழித்தேன். கடலூர்ப் பேருந்தில் ஏறிவிட்டேன்.

பெண்கள் நடுவே அவர் மனைவி சாந்தி அமர்ந்திருந்தார். “அம்மா, தங்கள் துயரில் நானும்...” என்று தொடங்கினேன். அவ்வளவுதான். நிமிர்ந்து பார்த்து என் கையைப் பற்றிக்கொண்டார்.

“சிதம்பரத்து அக்காதான? வாங்கக்கா... நேத்து சாயங்காலம் உங்களாலதான் கடையில ஒரே சிரிப்பு.”

எனக்கு விளங்கவில்லை.

“மாசாமாசம் காலாவதி மாத்திரயப் பொறுக்கி ஓரம் வெக்கறவன் நானு, என்னையே பொறுக்கி ஓரம் வெச்சிட்டாங்க பாருன்னு, மருந்து வாங்க வந்தவங்ககிட்டலாம் போனக் காட்டினாரு.”

“வருத்தப்படவில்லையா அம்மா?”

“வருத்தமா? காத்தால பல்லு வெளக்கினே சொல்றாரு, ‘நல்ல பதிலா ஒண்ணு யோசிச்சி வெச்சிருக்கேன் சாந்தி, இன்னிக்கு அந்தம்மாவ விடறதில்ல’ன்னு. காபி குடிச்சாரு. ‘இன்னாவோ பண்ணுது’ன்னு சாஞ்சாரு. அவ்ளோதாங்கா... படுக்கையில கெடந்து கஷ்டப்படல.”

நான் அழுதேன். வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து அடக்கி வைத்திருந்தது அது. அழ அழ மூச்சு இலகுவாயிற்று.

தேன்மொழியும் வந்திருந்தார். வாசலில் என்னிடம் சொன்னார்: “ஒவ்வொரு நாடகம் முடிஞ்சதும் மொத போன் குமரவேல் மாமாதான் பண்ணுவாரு. அரை மணி நேரம் திட்டுவாரு. அடுத்த நாடகத்துக்கு மொத ஆளா வந்து குந்திப்பாரு.”

குமரவேல் யோசித்து வைத்திருந்த பதில் என்னவென்று சாந்திக்கும் தெரியவில்லை. கேட்டேன். “எனக்கு எங்க சொன்னாருக்கா, உங்களுக்குன்னு வெச்சிருந்தாரு” என்றார்.

குமரவேல் அவர்களே, அந்தப் பதில் எதுவாயினும் ஏற்றுக்கொள்கிறேன்.

இந்த ஒருமுறை மட்டும்.

நிம்மதியாகச் சென்று வாருங்கள்.