பத்து மூட்டைச் சுண்ணாம்பு

ஞானசிகாமணியைப் போல ஒரு அவசரக்காரரை நான் பார்த்ததில்லை. மாநில எல்லைக் கோடு எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாத 1955-இலேயே, நெய்யாற்றின்கரைத் தாலுகா முழுதும் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டதாக மனசுக்குள் முடிவு கட்டிவிட்டார். களியக்காவிளையில் வாடகை நிலத்தில் இருந்த சுண்ணாம்புச் சூளையைப் பிரித்து, அந்தத் தாலுகாவிலுள்ள பாறசாலையில் மனைவி வழி வந்த பத்து சென்டில் கொண்டுவந்து கட்டினார். "எல்லாம் ஒரே ராஜ்யம் ஆவப்போவுது. பின்ன எதுக்கு வாடகை?" என்றார். எங்களுக்கும் அது சரியென்றுதான் பட்டது.

மறு வருஷம் கோடு விழுந்தது. களியக்காவிளையோடு விளவங்கோடு தமிழ்நாட்டுக்குப் போனது, பாறசாலை இங்கே கேரளாவில் நின்றது. தமிழ்நாட்டோடு சேரும் போராட்டத்தில் இவர் கூட நின்று தடியடி வாங்கியவர்கள் அந்தப்புறம் வெடி போட்டுக் கொண்டாடினார்கள். மனைவி முன்பே இறந்துவிட்டாள், பிள்ளையும் இல்லை. சூளைக்கு முன்னால் தனியாக உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டார்.

தொழிலும் படுத்தது. சூளையில் சுடச் சிப்பி வருவது இந்தப்புறத்துக் காஞ்சிரங்குளம் பக்கத்துக் கடற்கரையிலிருந்து. நீற்றிய சுண்ணாம்பை வாங்குவதோ அந்தப்புறத்துச் சபைக் கோயில்களும் வீடுகளும். கிறிஸ்துமஸுக்கு முன் அங்கே எல்லாரும் வெள்ளையடித்துவிடுவார்கள். இப்போது மூட்டைக்கு இங்கே ஒரு வரி, செக்போஸ்ட் தாண்டினால் அங்கே ஒரு வரி. சூளையைத் திரும்ப அங்கே கொண்டுபோனால் சிப்பிக்கு வரி. பழகிய வீடுகள் ஒவ்வொன்றாக நழுவின.

அவருக்கு மிச்சமிருந்தது ஒரே ஆசை. அவருக்குக் கல்யாணம் நடந்த சபை, மனைவியை அடக்கிய சபை, அந்தப்புறம் இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக அதன் சுவருக்கு இவர் சுண்ணாம்புதான். காசே வேண்டாம், சும்மா கொடுத்துவிடுவோம் என்று 1957 டிசம்பரில் பத்து மூட்டையை ஏற்றி வண்டி கட்டினார்.

"ஃப்ரீயோ? அது பற்றில்ல. வில எழுதணம்" என்று மலையாளத்தில் மறுத்தார் இந்தப்புறத்து அதிகாரி. இனாமாகக் கொடுப்பதற்கு விலை எழுதி, வரியையும் தானே கட்டினார் மனுஷன். அந்தப்புறத்து அதிகாரி தமிழில் பேசியதும் இவர் முகம் மலர்ந்துபோனது. அவரும் வரி கேட்டார். மடியில் காசில்லை. சபைச் செயலாளர் ராஜையாவுக்கு ஆள் விட்டார். போராட்டத்தில் இருவரையும் ஒரே போலீஸ் வண்டியில்தான் ஏற்றிப் போனார்கள்.

ராஜையா சைக்கிளில் வந்து இறங்கினார்.

"எதுக்கு மக்கா இந்தப் பாடு? கமிட்டி கூடி இங்க உள்ள சூளையிலயே எடுத்தாச்சு. வெள்ளையும் அடிச்சாச்சு."

"எலே, எனக்கிட்ட ஒரு வாக்கு சொல்லப்பிடாதா?"

"சொன்னா நீ இப்படி வண்டி கெட்டி வருவேன்னு தெரியும். அதான் சொல்லல்ல."

பின்னால் பஸ் ஒன்று ஹாரன் அடித்தது. அதிகாரிக்குப் பொறுமை போயிற்று. "நீங்க கேரளாக்காரர்தானே? வண்டிய உங்க ஊருக்குத் திருப்புங்க பெரியவரே" என்றார், நல்ல தமிழில்.

ஞானசிகாமணி ராஜையாவைப் பார்த்தார். 'இவன் நம்ம ஆளாக்கும்' என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்து நின்றார்.

ராஜையா மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து, வண்டி திரும்ப ஒத்தாசை செய்தார்.