சித்தப்பாவின் பைக்கும் அண்ணாவின் கையும்

அண்ணா பிறந்தது ஸ்ரீவராகத்தில். படித்தது, வேலை பார்த்தது, கண்மூடியது எல்லாம் அங்கிருந்து நடந்துபோகிற தூரத்தில்தான். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் தங்கையான என் படிப்பும் கல்யாணமும் அண்ணா பொறுப்பில் நடந்தன. யாரிடமும் குரலை உயர்த்தாதவர். இந்த நினைவு மலரைப் படிக்கும் உங்களுக்கு இதெல்லாம் தெரியும். தெரியாத ஒன்றை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

இருபத்தேழு வயதில் அண்ணாவுக்கு ஒரே ஆசை, சொந்தமாக ஒரு மோட்டார் சைக்கிள் ஒர்க் ஷாப். மணக்காட்டில் ஷெட்கூடப் பார்த்து வைத்திருந்தார். அந்தச் சமயத்தில் கியர் விழவில்லை என்று சித்தப்பா தன் பைக்கைக் கொண்டுவந்து விட்டார். வீட்டுப் பின்கட்டில் வைத்து அண்ணா எஞ்சினை இறக்கினார். கியர் உள்ளே இருப்பதால் எஞ்சினின் வெளிக்கூடான கிராங்க்கேஸை இரண்டு பாதியாகப் பிளக்கவேண்டும். நான் பி.எஸ்சி. முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். கூடமாட ஒத்தாசை செய்தேன். ஸ்க்ரூக்களை எல்லாம் எடுத்தும் இரண்டு பாதியும் ஒட்டிக்கொண்டு நின்றன. மரச்சுத்தியால் மெல்லத் தட்டித்தான் பிரிக்கவேண்டும், நடுவில் எதையும் கொடுத்து நெம்பக் கூடாது என்று சொல்லிவிட்டு அண்ணா சாப்பிடப் போனார்.

எனக்குப் பொறுமை என்றைக்கும் கிடையாது. ஸ்க்ரூடிரைவரைச் செருகி ஒரு நெம்பு நெம்பினேன். பிளந்துகொண்டது. ஆனால் இரண்டு பாதியும் சேரும் விளிம்பில் நகம் இறங்குகிற ஆழத்துக்கு ஒரு வடு. அண்ணா வந்து, தட்டியா பிரித்தாய் என்று கேட்டார். தலையாட்டினேன். கெட்டிக்காரி என்று மெச்சினார். மறுநாள் இரண்டு பாதிக்கும் நடுவே ஒட்டியிருந்த பழைய பேக்கிங்கை பிளேடால் சுரண்டும்போது வடுவைப் பார்த்தவர், தன் பிளேடுதான் வழுக்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். பசை வைத்து அடைத்து எஞ்சினைப் பூட்டினார்.

மூன்று வாரத்தில் அந்த வடு வழியாக ஆயில் ஒழுக ஆரம்பித்தது. அண்ணா வண்டியைக் கெடுத்துவிட்டான் என்று சித்தப்பா தெருவெல்லாம் சொன்னார். அண்ணா மறுக்கவில்லை. "சித்தப்பா சொல்றது சரிதான். என் கைக்கு நிதானம் போறாது" என்றார். அதற்கப்புறம் நம் சொந்தக்காரர்கள் யாரும் அவரிடம் வண்டி கொண்டுவரவில்லை. ஷெட்டை வேறொருவர் எடுத்துக்கொண்டார். அண்ணா ஒரு கம்பெனியில் கிளார்க்காகச் சேர்ந்தார். பிறகு அவருக்கு மனைவியாக வந்த மன்னியின் ஸ்கூட்டரைக்கூடக் கடைசிவரை வெளியில் கொடுத்துத்தான் ரிப்பேர் பார்த்தார்.

அண்ணா குறையோடு வாழ்ந்தார் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவர் ஸ்பானரைத் தொடாத ஒவ்வொரு வருஷமும் எனக்கு உறுத்தியது. ஆஸ்பத்திரியில் பத்து நாள் பக்கத்திலேயே இருந்தும் சொல்ல வாய் வரவில்லை. நான் கோழை.

ஆஸ்பத்திரிக்கு மாறி மாறிச் சாப்பாடு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும், ரத்தம் கொடுத்த ஆபீஸ் நண்பர்களுக்கும், தள்ளாத வயதிலும் காரியங்கள் முடியும்வரை கூட நின்ற சித்தப்பாவுக்கும் எங்கள் நமஸ்காரம்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் மன்னியிடம் இதைப் படித்துக் காட்டினேன். வேண்டாமென்றால் எடுத்துவிடுகிறேன் என்றேன். மன்னி சொன்னார்:

"எடுக்காதே, கேட்டியா. அவர் கையிலே ஒரு கொறையும் இல்லேன்னு எல்லாரும் படிக்கட்டும். உன்மேலே எனக்கு இருக்கற கோபம், அது நம்ம ரெண்டு பேருக்குள்ளே இருக்கட்டும்."