ஓ.பி. என்கிற இரண்டு எழுத்து

கோயம்புத்தூரிலிருந்து குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் ஆபீசுக்கு கிளார்க்காக வந்த புதிதில், வேலைக்கு டிமிக்கி கொடுப்பவர்களை எல்லாரையும்போல நானும் 'ஓ.பி. அடிக்கிறாங்க' என்றுதான் சொல்வேன். அந்த இரண்டு எழுத்து எங்கிருந்து வந்தது என்று யோசித்ததில்லை.

தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஒரு அக்கா அந்த மாதம் நான்காவது முறையாக அரைநாள் லீவு கேட்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். லீவு ரிஜிஸ்டரைப் புரட்டிய ஃபீல்டு ஆபீசர், "எதுக்கு இவ்வளவு லீவு?" என்றார்.

"ஓ.பி. அடிக்கிறாங்க சார்" என்றேன். அந்த அக்கா வாசலில் நின்றிருந்ததை நான் பார்க்கவில்லை.

"ஆமாங்கய்யா, ஓ.பி.க்குத்தான் போயிட்டு வாறேன்" என்று உள்ளே வந்து, ஆஸ்பத்திரியின் வெளிநோயாளிச் சீட்டை என் மேஜைமேல் வைத்தார். ஃபீல்டு ஆபீசரும் நானும் சிரித்துவிட்டோம். எதற்கென்று தெரியாமல் அவரும் லேசாகச் சிரித்தார்.

தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீட்டில் யாரோ அவருக்கு அர்த்தம் சொல்லியிருக்க வேண்டும். அதன்பிறகு அவர் லீவே கேட்கவில்லை. மூன்று வாரம் கழித்து, கொழுந்து எடை போடும் இடத்தில் சாக்கை இறக்கும்போது மயங்கி விழுந்தார். வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார். எஸ்டேட் ஜீப்பில் நான் கூடப் போனேன்.

கர்ப்பப்பையில் கட்டி. ரத்தம் ரொம்பக் குறைந்திருந்தது. "ஒழுங்கா வந்துட்டிருந்தீங்களே, ஏன் நிறுத்தினீங்க?" என்று டாக்டர் அதட்டினார்.

"ஆபீசுல லீவெல்லாம் குடுத்தாங்க டாக்டர். நான்தான் வரல."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்காரர் திருப்பூரிலிருந்து வந்து சேர்ந்தார்; ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பிறகு ஒரு நாள் அவருக்குத் துணையாக நானே ஓ.பி. வரிசையில் நின்றேன். முன்னால் நின்றவர் வெலிங்டனில் குடியிருக்கும் ரிட்டையர்டு பட்டாளத்துக்காரர். 'ஓ.பி. அடிக்கிறது' என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று பேச்சுவாக்கில் அவரிடம் கேட்டேன்.

"அதுங்களா? பரேடுக்குப் போக உடம்பு வணங்காதவன் காய்ச்சல்னு சொல்லிப்போட்டு ஆஸ்பத்திரி ஓ.பி.யில போய் உக்காந்துக்குவான். அதுதானுங்க ஓ.பி. அடிக்கறது."

அது சரியா என்று எனக்குத் தெரியாது. ஆபீஸ் பர்மிஷன் என்பதன் சுருக்கம்தான் அது என்று அடித்துச் சொன்னவரும் உண்டு. அன்று சீட்டு வாங்க ஒரு வரிசை, டாக்டரைப் பார்க்க ஒரு வரிசை, ரத்தம் எடுக்க ஒன்று, மாத்திரைக்கு இன்னொன்று. மத்தியானம் பஸ் ஏறும்போது எனக்குக் கால் கடுத்தது. சோம்பேறி ஒருத்தன் தேடிப் போகிற இடமாக அது எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பிய அந்த அக்காவுக்கு, ஃபீல்டு ஆபீசரிடம் சொல்லி நர்சரியில் வேலை வாங்கிக் கொடுத்தேன். கன்றுக்கான பிளாஸ்டிக் பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தவரிடம் ஒருநாள் போய், "அன்னைக்கு நான் சொன்னது தப்புங்க அக்கா" என்றேன்.

"அர்த்தம் தெரியாம சொல்லியிருப்பீங்க."

"இல்லீங்க. தெரிஞ்சுதான் சொன்னேன்."

அவர் இரண்டு பைகளை நிரப்பி வரிசையில் வைத்தார். "கட்டிய எடுத்துக் காமிச்சாங்களாம், எங்க வீட்டுக்காரர்கிட்ட. எலுமிச்சம்பழம் அளவு இருந்துச்சாம்" என்றார். பிறகு, பை தீரப்போகிறது, ஸ்டோரிலிருந்து ஒரு கட்டு அனுப்பச் சொல்லுங்கள் என்றார். நான் சரி என்று ஆபீசுக்கு நடந்தேன்.