அண்ணியின் ஏஞ்சல் மீன்கள்

அண்ணியின் தொட்டியில் இருந்த இரண்டு ஏஞ்சல் மீன்களும் சாகக் காரணம் நான்தான். தெரியாமல் செய்ததல்ல.

எண்பதுகளின் கடைசியில் பம்மலில் அண்ணன் வீட்டில் தங்கி, தோல் பதனிடும் ஷெட் ஒன்றின் ஆபீசில் வேலை பார்த்தேன். அங்கே டைப் அடித்த ஒரு கிறிஸ்தவப் பெண்ணும் நானும் விரும்பினோம். அவள் எழுதிய கடிதம் துவைக்கப் போட்ட சட்டைப்பையில் கிடந்தது. அண்ணி அதை எடுத்து அண்ணனிடம் கொடுத்துவிட்டார். அண்ணன் அன்றைக்கே பொழிச்சலூரில் அவள் வீட்டு வாசலில் போய் நின்று கத்தினான். அதன் பிறகு அவள் வேலைக்கு வரவில்லை. இரண்டே மாதத்தில் அவளுக்கு எங்கேயோ கல்யாணம் செய்து அனுப்பிவிட்டார்கள்.

அண்ணிக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம், குழந்தை இல்லை. ஹாலில் இருந்த மீன்தொட்டிதான் அவருடைய பொழுது. நீண்ட துடுப்புகளோடு ஏஞ்சல் மீன்கள் மெதுவாகத் திரும்புவதை, அடுப்பில் பால் பொங்குவதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

"தம்பி, சந்தைக்குப் போனா இதுங்களோட ஒத்துப்போற மாதிரி சின்ன மீனா ரெண்டு வாங்கிட்டு வாங்களேன்" என்றார் ஒருநாள்.

பல்லாவரம் சந்தையில் வண்ணமீன் விற்பவரிடம், கறுப்புக் கோடு போட்ட டைகர் பார்ப் மீன்களைக் காட்டி, ஏஞ்சலோடு விடலாமா என்று கேட்டேன்.

"வேணாம் சார். வாலு, துடுப்பு எல்லாத்தையும் கடிச்சிக்கினே இருக்கும். அதுவும் ரெண்டு மூணா வுட்டா இன்னும் பேஜாரு."

மூன்று வாங்கினேன்.

"சாதுவான மீன், அண்ணி" என்று கவரை நீட்டினேன். அவர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்.

மூன்றாம் நாளே துடுப்பு நுனிகள் கிழிந்தன. அண்ணி அதைச் சீக்கு என்று நினைத்தார். கல்லுப்பு போட்டார், குடம் குடமாகத் தண்ணீர் மாற்றினார். நான் காபி குடித்துக்கொண்டே பார்ப்பேன். ஏஞ்சல் மீன் மூலையில் ஒதுங்க, மூன்றும் மாறி மாறிக் கொத்தும். நான் விரும்பியவளைக் கல்யாணப் புடவையில் நினைத்துக்கொள்வேன். எனக்கு மனசு ஆறியது, அதுதான் உண்மை.

முதல் மீன் செத்த அன்று, எங்களோடே இருந்த அம்மா சமையலறையிலிருந்து, "அவ கை பட்டா எதுதான் தங்கும்?" என்றார். அண்ணி காதில் விழுந்தது. செத்த மீனைக் காகிதத்தில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. நான்கு நாளில் இரண்டாவதும் போயிற்று.

அடுத்த வெள்ளிக்கிழமை, என்ன சீக்கு என்று விசாரிக்க அவரே சந்தைக்குக் கிளம்பினார். துணைக்குப் போகச் சொன்னான் அண்ணன். தட்ட முடியவில்லை.

அண்ணி மீன் செத்ததைச் சொன்னதும் மீன்காரர் என்னைப் பார்த்து, "அன்னிக்கே சொன்னேனே சார், கேட்டியா நீ?" என்றார். பிறகு அண்ணியிடம் எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னார். அண்ணி தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். என் பக்கம் திரும்பவே இல்லை.

பஸ் ஸ்டாப்பில்தான் பேசினார். "கடுதாசியைக் குடுத்தது தப்புதான். உங்ககிட்ட சொல்லணும்னு எத்தனையோ நாள் நினைச்சேன். இனிமே சொல்ல மாட்டேன்."

"அண்ணி, நான்..."

"வேணாம். உங்க அண்ணன்கிட்டயும் சொல்லப் போறதில்ல. சொன்னா நீங்க வந்து மன்னிப்பு கேப்பீங்க. எனக்கு அது வேண்டியதில்ல."

அவர் கையில் ஒரு கவர் இருந்தது. அதில் மேலும் ஐந்து டைகர் பார்ப். கூட்டமாக இருந்தால் அவை அடங்கி இருக்கும் என்று மீன்காரர் சொல்லியிருந்தார். அப்படியே அடங்கின.

எனக்குக் கல்யாணமாகிக் கோவிலம்பாக்கத்துக்குக் குடிபோகும் வரை மூன்று வருஷம் அதே வீட்டில்தான் இருந்தேன். வேளா வேளைக்குச் சோறு போட்டார். "தம்பி" என்று மட்டும் ஒருநாளும் கூப்பிடவில்லை.